மதில் போன வழி

சரித்திரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்று இக்காலத்தில் ஜனங்கள் நம்புகிறார்கள். அது வீண் நம்பிக்கை அல்ல. வாடகைக்கு ஒரு கார், அதன் முன் ஆசனத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பேச ஒரு வழிகாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சுமாரான ஹோட்டல் - இவ்வளவும் அமைந்துவிட்டால், பொழுது விடிந்து அஸ்தமிப்பதற்குள் ஆயிரம் வருஷங்களைக் கடந்துவிடலாம். கும்பலாக பஸ்ஸில் போவதில் ஒரு சங்கடம் உண்டு. நாற்பது பேரில் ஒருவருக்குக் காபி வேண்டியிருந்தால் ராஜேந்திர சோழர் அரை மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். தனி வண்டியில் அந்தத் தொந்தரவு இல்லை. நின்ற இடத்தில் நிற்கலாம். பிடிக்காத இடத்தில் நிற்காமல் போகலாம்.

ஆனால் தனி வண்டியானாலும் சரி, கும்பலானாலும் சரி, வழிகாட்டி எதைக் காட்டுகிறாரோ அதுதான் நமக்குச் சரித்திரம். வழிகாட்டிகள் எல்லா தேசத்திலும் ஒரு ஜாதி. அவர்கள் நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்வார்கள். எத்தனை அடி உயரம், உச்சிக் கல் எத்தனை டன், நிழல் எந்தப் பக்கம் விழும், எந்த மன்னர் எத்தனை யானை கொண்டு இழுத்தார் என்றெல்லாம் சொல்வார்கள். கழுத்து வலிக்க வலிக்கச் சரித்திரம் ஏறும்! எனக்கோ, கண் மட்டத்தில் இருக்கும் சுவரின் மீதுதான் மோகம். நம் தமிழ்நாட்டு மன்னர்களும் ஊர்ச் சபையார்களும் சொல்ல வேண்டியதையெல்லாம் கோபுரத்தின் உச்சியில் எழுதி வைக்கவில்லை. அதிஷ்டானத்திலும் சுவரிலும் மதிலிலும்தான் வெட்டி வைத்தார்கள். நின்று படிப்பவனுடைய கண்ணுக்கு எட்டும்படியாக.

சோழர் கோயில்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ புறப்படுவதுதான் வழக்கம். நான் விருத்தாசலத்திலிருந்து புறப்படும்படி சிபாரிசு செய்வேன். நம்மில் பலருக்கு விருத்தாசலம் என்றால் ரயில் ஜங்ஷன் என்றுதான் ஞாபகம். நடுராத்திரியில் ரயில் மாற இறங்கி, டீயைக் குடித்துவிட்டு, ஊரைப் பார்க்காமலே போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள் இருப்பார்கள். ஊருக்குள் போனால் பீங்கான் சாமான்கள் செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம். மின்சார ஃப்யூஸ் கட்டைகளும், கொலுவுக்கு வைக்கும் பொம்மைகளும், அகல் விளக்குகளும் இங்கே சூளையில் வெந்து ஊர் ஊராகப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசாங்கக் கல்வி நிலையமும் இந்த ஊரில் உண்டு.

எனக்கு அகப்பட்ட வழிகாட்டி அந்தச் சூளைகளிலிருந்து வந்தவர். முப்பது வருஷம் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பிறகு கோயில்களுக்கு ஆட்களை அழைத்துப் போக ஆரம்பித்தவர். வெள்ளை வேஷ்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. அவருக்குக் கல்வெட்டுப் படிக்க வராது. தலபுராணம் தலைகீழ்ப் பாடம். "ஸார், நான் சொல்றதைச் சொல்லிடறேன். நம்பறது உங்க இஷ்டம்" என்று காரில் ஏறுவதற்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டார். இவ்வளவு நேர்மையான வழிகாட்டியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் உள்ளூர்க் கோயில். தேவாரக் காலத்தில் இதற்குத் திருமுதுகுன்றம் என்று பெயர். முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் மூன்றும் ஒரே பொருள்தான். ஆனால் மலை எங்கே என்று தேடினால் கண்ணுக்குத் தெரியாது. மணிமுத்தாற்றின் கரையில் சமதரையில் கோயில் இருக்கிறது. "மலை பூமிக்குள்ளே இருக்கு ஸார்" என்றார் பெரியவர். அவர் சொல்லுக்கு ஏற்றாற்போல, ஆழத்துப் பிள்ளையார் சந்நிதிக்குப் போகப் படிகளில் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. ஏறிப் போய்க் கும்பிடும் பிள்ளையாரை உச்சிப் பிள்ளையார் என்று திருச்சியில் வைத்தோம். இறங்கிப் போய்க் கும்பிடும் பிள்ளையாரை இங்கே வைத்திருக்கிறோம்.

இந்தக் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்து என்பது அவருடைய முதல் பாடம். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று விரல் விட்டுக்கொண்டே போனார். இரண்டாவது பாடம் வன்னி மரத்தடியில். விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது, கூலியாட்களுக்கு மாலையில் வன்னி மரத்து இலைகளை உருவிக் கொடுப்பாராம். அவரவர் எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவுக்கு அந்த இலைகள் பொன்னாக மாறுமாம். சோம்பேறிக்கு இலை இலையாகவே இருக்கும். பட்டறையில் முப்பது வருஷம் கூலி வாங்கியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு தனி ருசி தெரிந்தது. "அந்த மரம் இப்பவும் இருக்கு. இலைதான் மாற மாட்டேங்குது" என்றார்.

மூன்றாவது பாடம் எல்லோருக்கும் தெரிந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். திருவாரூர் வரை சுமந்து போவது எப்படி? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியை நாம் முட்டாள்தனத்துக்குச் சொல்கிறோம். சுந்தரருக்கு அது பலித்தது. இந்தக் கதையை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் இதற்கு வேலை இருக்கிறது.

அவர் சொல்லாத நான்காவது பாடம் ஒன்று உண்டு. அது சுவரில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கருங்கல் கருவறையைக் கட்டுவித்தவர் ஒரு பெண்மணி என்று உத்தம சோழன் காலத்துச் சாஸனம் சொல்கிறது. அவர்தாம் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழனின் தாய். சுமார் 957-ல் கணவரை இழந்தவர், அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் உயிர் வாழ்ந்தார். அந்த நாற்பது வருஷமும் அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்று: சோழ நாட்டிலும் நடுநாட்டிலும் செங்கல்லாக இருந்த பழைய கோயில்களைக் கல்லாக மாற்றினார். கோனேரிராஜபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லத்தில் கோயிலைத் தம் கணவர் பெயரில் கட்டி, அவர் சிவபூஜை செய்வதாக ஒரு சிற்பமும் வைத்தார். தம் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு பழைய கோயிலைக் கல்லாக மாற்றுவது என்றால் என்ன? முதலில் இருப்பதை இடிக்க வேண்டும். இடிக்கும்போது அதில் ஏற்கனவே எழுதியிருந்த தானங்கள், நிலங்கள், விளக்குகள் எல்லாவற்றின் கணக்கும் போய்விடும். இந்த அம்மையார் திருக்கோடிக்காவில் என்ன செய்தார் தெரியுமா? பல்லவர் காலம் முதலாகத் தனித்தனிக் கற்களில் கிடந்த பழைய சாஸனங்களை எல்லாம் படிக்கச் செய்து, அவற்றைப் புதிய சுவரில் திரும்ப வெட்டுவித்தார். இது பழைய கல்லின் பிரதி என்று குறிப்பும் எழுதுவித்தார். அந்தக் குறிப்பு இல்லாமலே வெட்டியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? பத்தாம் நூற்றாண்டில் ஒரு ராணிக்கு அந்த நாணயம் இருந்தது. நம்முடைய தேசத்தில் சரித்திர ஆவணங்களைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு நாள் சிலை எடுப்பார்களானால், முதல் சிலை அவருக்குத்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "இனிமே இதையும் சேர்த்துச் சொல்றேன்" என்றார். பிறகு, "ஆனா ஜனங்களுக்கு வன்னி இலைதான் பிடிக்கும்" என்றும் சொன்னார்.

விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் போகும் சாலை தெற்கே போகிறது. வெள்ளாற்றைத் தாண்டியதும் சிறிது தூரத்தில் ராஜேந்திரப்பட்டணம். திருஎருக்கத்தம்புலியூர் என்ற பழம்பெயர் கொண்ட தலம். ஞானசம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். வண்டியை ஐந்து நிமிஷம்தான் நிறுத்தினோம். அதற்கு மேல் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக மாறிவிடுகிறது. இந்தச் செம்மண் காட்டு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்போது, வங்காளக் கரையிலிருந்து கடல் கடந்த கடாரம் வரை பயப்பட்ட ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகரம் இந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் மரங்களுக்கு மேலே விமானம் தெரிகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைப் பற்றி நான் புதிதாக எழுதுவதற்கு என்ன இருக்கிறது? தஞ்சைக்குப் பதின்மூன்று நிலை, இதற்கு ஒன்பது. சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் எழுந்து நிற்கிறது. இது நடுவில் சற்று உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. அது ஆண், இது பெண் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள்; நம் பெரியவரும் சொன்னார். உள்ளே லிங்கத்தின் அடியில் சந்திரகாந்தக் கல் இருக்கிறது, அதனால் கோடையில் குளிர்ச்சி, குளிரில் வெதுவெதுப்பு என்றார். வடக்கு வாசற்படியின் அருகில் சிவபெருமான் சண்டேசுவரருடைய தலையில் மாலை சுற்றும் சிற்பத்தின் முன் வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அதுவும் ஒரு வழிகாட்டியின் லட்சணந்தான். குனிந்த அந்தத் தலையும், சுற்றுகின்ற அந்தக் கைகளும் நமக்குச் சொல்வதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது. அது சண்டேசுவரர் அல்ல, ராஜேந்திரனேதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கங்கை வரை படை அனுப்பி வென்றவன் இவ்வளவு பணிவாகக் குனிந்தான் என்று நினைப்பதில் நமக்கும் சந்தோஷந்தானே?

ராஜேந்திரனுடைய சைன்யம் வடக்கே போனது 1023-ஐ ஒட்டி. திரும்பி வந்தபோது கங்கை நீர் வந்தது. அதைக் கொண்டு வந்து ஓர் ஏரியில் விட்டு, நீரினாலேயே ஒரு ஜயஸ்தம்பம் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. எல்லா ராஜாக்களும் கல்லில் வெற்றித் தூண் நாட்டினார்கள். இவன் ஒருவன் தண்ணீரில் நாட்டினான். சோழகங்கம் என்று பெயரிட்ட அந்த ஏரியைப் பிற்காலத்தில் பொன்னேரி என்றார்கள். அதன் கரை 16 மைல் நீளம் என்று பழைய அரசாங்க விவரத் தொகுப்புகளில் எழுதியிருக்கிறது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய்கள் வந்தன. சாம்ராஜ்யம் போனதும் கால்வாய்கள் தூர்ந்தன. ஏரியின் பெரும் பகுதி மேடாயிற்று.

இனிமேல்தான் மதில்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் எதை எழுதவில்லை? கோயிலுக்குக் கொடுத்த பொன், நகை, பாத்திரம் எல்லாம் எடையோடு எழுதினான். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்தான், அவர்களின் பெயர் என்ன, எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதுகூட அங்கே திருச்சுற்று மதிலில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நாட்டியமாடிய பெண்ணின் வீட்டு நம்பர் நமக்குத் தெரிகிறது! உலகத்தில் எந்தத் தேசத்தில் இது உண்டு?

அந்த ராஜராஜனுடைய மகன், தகப்பனார் கோயிலைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோயில் இது. இங்கே ராஜேந்திரனுடைய சாஸனம் ஒன்றுகூட இல்லை. கிடைத்திருப்பவற்றில் பழமையானது அவன் மகன் வீரராஜேந்திரனுடையது. தகப்பனார் செய்த தானத்தை அவன் குறிப்பிடுகிறான், அவ்வளவுதான். தலைநகரத்துக் கோயிலுக்கு எந்த ஊர் என்ன கொடுத்தது, யார் பாடினார்கள், யார் ஆடினார்கள், கடாரத்திலிருந்து வந்த பொன் எங்கே போயிற்று - ஒன்றும் தெரியாது. ராஜேந்திரன் எழுதாமல் விட்டானா? அப்படியும் இருக்கலாம். ஆனால் நான் அந்தப் புல்தரையில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தேன். கிழக்கு வாசலில் கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் இருக்கிறது. மேலே ஒன்றும் இல்லை. தஞ்சையில் எந்தச் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் இருக்கிறார்களோ, அந்தச் சுவர் இங்கே இல்லை.

"மதில் எங்கே போச்சு தெரியுமா ஸார்?" என்று பெரியவர் கேட்டார். காலையிலிருந்து அவர் பேசிய குரல் வேறு, இந்தக் குரல் வேறு. "வெள்ளைக்காரன் பேர்த்துக்கிட்டுப் போயிட்டான். அணைக்கரையிலே அணை கட்ட. எங்க தாத்தாவுக்கு அவங்க தாத்தா சொன்னது. வண்டி வண்டியா போச்சாம்."

இது தலபுராணம் அல்ல, சரித்திரம். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லை எடுத்தார்கள். இதை எழுதி வைத்தவர்களும் வெள்ளைக்காரர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு குறிப்பில், ஊரார் தடுக்கப் பார்த்ததாகவும், கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் வாக்குக் கொடுத்ததாகவும், அந்த வாக்கை நிறைவேற்றவே இல்லை என்றும் இருக்கிறது. குறிப்பு எழுதிய துரைக்கே வெட்கமாக இருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் நம் தேசத்தில் கல்வெட்டைப் படிப்பதற்கென்று அரசாங்கத்தில் ஆள் கிடையாது. சாஸன ஆராய்ச்சிக்காக ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதரை நியமித்தது 1886-ல். ஐம்பது வருஷம் முந்திக்கொண்டது அணை. எழுத்து இருந்ததா, இல்லையா என்றுகூடப் பார்க்க யாரும் இல்லாமல் கற்கள் வண்டியேறின. திருக்கோடிக்காவில் ஒரு கைம்பெண் ஆள் வைத்துப் படித்தாரே, அதை இங்கே ஒருவரும் செய்யவில்லை. இடித்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். படிக்காமல் இடித்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் மாளிகைமேட்டுக்குப் போனோம். கோயிலிலிருந்து கொஞ்ச தூரந்தான். ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். 1980-களிலும், மறுபடி 2021-லிருந்தும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். கூரை போட்ட குழிகளில் செங்கல் அஸ்திவாரங்கள் தெரிகின்றன. சுவர்கள் என்று சொல்லத்தக்க உயரம் எதற்கும் இல்லை. பிற்காலத்தில் ஜனங்கள் வீடு கட்டச் செங்கல்லைத் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆகவே பழியெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் போடுவதற்கும் இல்லை.

இங்கே நம் பெரியவர் வழிகாட்டி வேஷத்தைக் களைந்துவிட்டுச் சூளைக்காரராகிவிட்டார். வேலியோரத்தில் குந்தி உட்கார்ந்து செங்கற்களை வெகு நேரம் பார்த்தார். "நல்ல வேக்காடு ஸார். உள்ளே வரைக்கும் சூடு ஏறியிருக்கு. மண்ணை மிதிச்சுப் புளிக்க வெச்சு அறுத்திருக்கான்" என்றார். இந்த மேட்டில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். சோழ ராஜ சபையிலிருந்து சீனச் சக்கரவர்த்திக்குத் தூதர்கள் போனதைச் சீனத்து ஏடுகள் சொல்கின்றன. அந்தக் கப்பல்கள் போன வழியிலேதான் பீங்கானும் வந்தது. விருத்தாசலத்துக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பீங்கான் புழங்கியது என்பது அவருக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. "அது வேற மண்ணு ஸார். நம்ம மண்ணு நெய்வேலிப் பக்கம் சுரங்கத்திலே மேலே எடுத்துப் போடறது. அதைப் பதம் பண்ணி வெள்ளையா வேக வெக்க நாங்க பட்ட பாடு..." என்று ஆரம்பித்தவர், ஜயஸ்தம்பத்தையும் சந்திரகாந்தத்தையும் மறந்து அரை மணி நேரம் களிமண்ணைப் பற்றியே பேசினார். அன்று நான் கேட்ட மிகச் சிறந்த சரித்திரப் பிரசங்கம் அதுதான்.

கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு 2004-ல் உலக மரபுச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்துவிட்டது. அணைக்கட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நான் தெற்கே போகச் சொன்னேன். டிரைவர்ப் பையன் பெரியவர் முகத்தைப் பார்த்தான். பெரியவர், "போப்பா, ஸார் மதிலைப் பார்க்கணுங்கறார்" என்றார்.

அணைக்கரை ஒரு தீவு. கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொள்ளும் மணல் திட்டின்மேல் ஊர் இருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசையாக மதகுகள். இங்கே ஏன் அணை வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வைதுவிட்டுப் போவது நியாயமாகாது. காவிரியின் படுகை மேடேறி, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் சரிந்து வீணாகிக் கடலுக்குப் போயிற்று. தஞ்சாவூர் ஜில்லா வறண்டது. காப்டன் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் முக்கொம்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அப்படித் திருப்பினால் கொள்ளிடத்தை நம்பியிருக்கும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நிலங்களின் கதி என்ன? அதற்காகத்தான் கீழே இந்த இரண்டாவது அணை. பெயருக்கேற்ற மணல் நாடு இது. பல மைல் சுற்றளவில் ஒரு பாறை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரத்தில், ஏற்கனவே செதுக்கி, சதுரமாக்கி, அடுக்கிவைத்த கல் ஓர் இடத்தில்தான் இருந்தது. ராஜேந்திரனும் அந்தக் கல்லை வெளியூரிலிருந்துதான் கொண்டுவந்தான். அதுவும் அங்கே முளைத்தது அல்ல.

பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தோம். நுரைத்துக்கொண்டு தண்ணீர் போயிற்று. எந்தக் கல் எந்தக் கல் என்று அடையாளம் சொல்ல முடியாது. எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துப் படிக்க வராது என்று நான் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆனாலும் பார்த்தார்.

கீழணையிலிருந்து வடக்கே புறப்படும் கால்வாய்க்கு வடவாறு என்று பெயர். அந்த வடவாற்றின் கரையோடு வந்தால் அது போய்ச் சேருமிடம் வீராணம் ஏரி. வீரநாராயணன் என்ற விருதுப் பெயர் கொண்ட முதலாம் பராந்தகன், ராஜேந்திரனுக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டிய ஏரி. கல்கியின் பொன்னியின் செல்வன், ஆடிப்பெருக்கன்று இந்தக் கரையில்தான் ஆரம்பமாகிறது. ஆகவே என் நேயர்களுக்கு இதை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏரியின் தென்பக்கத்தில் காட்டுமன்னார்கோவில். நாதமுனிகள் அவதரித்த ஊர். அங்கே உடையார்குடிச் சிவன் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறித்து விற்ற சாஸனம் இருக்கிறது. காலையில் நாம் வணங்கிய செம்பியன் மாதேவியாரின் மகன் உத்தம சோழனுக்கு அந்தக் கொலையில் பங்கு உண்டா, இல்லையா என்று சரித்திராசிரியர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். அதைத் தொட்டால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

லால்பேட்டைப் பக்கம் ஏரிக்கரையில் ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடல் மாதிரி நீர். 40,000 ஏக்கருக்கு மேல் இந்த ஏரியை நம்பிப் பயிராகிறது. 2004 முதல், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து, சென்னைப் பட்டணத்துக்கும் இந்தத் தண்ணீர் குடிக்கப் போகிறது. தகப்பனையும் பாட்டனையும் தாண்டி யோசித்துப் பாருங்கள்: பராந்தகன் ஏரியை வெட்டினான். அவன் வம்சத்தில் வந்த ராஜேந்திரன் மதிலைக் கட்டினான். வெள்ளைக்காரர் மதிலை ஆற்றில் போட்டார். அது ஏரியில் தண்ணீராக வந்து நிற்கிறது. திருமுதுகுன்றத்தில் சுந்தரர் செய்த காரியத்தையே காட்டன் துரையும் செய்திருக்கிறார் போலிருக்கிறது! இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "சுந்தரர் போட்ட பொன்னு குறையாம வந்துது ஸார். மாத்து குறைஞ்சிருக்கான்னு பிள்ளையாரே உரசிப் பார்த்துச் சொன்னாரு. இதுலே எழுத்து வரலையே" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு அவரே, வேண்டாவெறுப்பாகச் சொல்வது போல, "என் சம்சாரத்துக்கு அவங்க அப்பா எழுதி வெச்ச நிலம் இங்கே ஒண்ணரை ஏக்கர் இருக்கு. இந்தத் தண்ணிதான்" என்றார்.

காலையிலிருந்து மதிலைப் பற்றி அவர் குரலில் இருந்த கோபத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கோபம் இப்போதும் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றரை ஏக்கரும் அங்கேதான் இருந்தது. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. படித்தவர்களான நாமாக இருந்தால் உடனே ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருப்போம்.

வண்டிக்குத் திரும்பும் வழியில் மதகின் பக்கத்தில் நட்டிருந்த அளவுகோலைப் பார்க்க இறங்கினார். முழு மட்டம் 47.5 அடி. கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்து, கோட்டைச் சரியாகக் கணக்கெடுத்தார். பையிலிருந்து டெலிபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"நாப்பத்தஞ்சு இருக்கு. நாத்து விடச் சொல்லு."